காப்பீட்டில் சேருமுன் கணக்குப் பாருங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களே,

உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் நமது மருத்துவமனை ஊழியம் இம்மட்டும் தடையின்றி நடந்துவரத் தேவன் கிருபை செய்தார். வழக்கமாக இந்தப் பக்கங்களில் ஒரு நோயைப் பற்றியோ ஒரு சிகிச்சையைப் பற்றியோ எழுதுவோம். இம்முறை ஒரு காகிதத்தைப் பற்றி எழுதுகிறோம். அந்தக் காகிதத்தின் பெயர் மருத்துவக் காப்பீடு.

கடந்த மழைக்காலத்தில் கருங்கல் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலை செய்யும் ஒரு சகோதரர் தாங்க முடியாத வயிற்று வலியோடு இரவில் கொண்டுவரப்பட்டார். பித்தப்பையில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவருடைய மனைவி கலங்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த பாலிசியை எடுத்து நீட்டி, "அஞ்சு லெச்சத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு டாக்டரே, பைசாவுக்குப் பிரச்சினை இல்ல" என்றார்கள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பாலிசி எடுத்துப் பத்து மாதம்தான் ஆகியிருக்கிறது, பித்தப்பைக் கல்லுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும், ஆகவே பணம் தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். பாலிசியின் உள்பக்கத்தில் அந்த விதி அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. அதை யாரும் அவர்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. அந்த அம்மா கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை எங்கள் சமூகப் பணியாளர் பார்த்தார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று விசாரித்தார். "இன்சூரன்ஸ்தான் உண்டே, பிறகு அது எதுக்குன்னு எடுக்கல்ல" என்பதே பதில். வருமானத்தைப் பார்த்தால் அந்தக் குடும்பம் அரசு அட்டைக்குத் தகுதியுள்ள குடும்பமே.

அறுவை சிகிச்சை நடந்தது. செலவின் பெரும்பகுதியை ஏழை நோயாளர் நிதி, அதாவது உங்கள் காணிக்கை, ஏற்றுக்கொண்டது. சகோதரர் சுகமடைந்து மறுபடியும் வேலைக்குப் போகிறார், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஒரு காரியம் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் மூன்று மாதத்திற்கு முன்பு வயிற்றுப் பொருமல் என்று எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருக்கிறார். அன்று மருந்து எழுதிக் கொடுத்த எங்களில் ஒருவரும், அட்டை இருக்கிறதா, என்ன பாலிசி, எப்போது எடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மூன்று மாதத்தில் அரசு அட்டை வாங்கியிருக்கலாம். இந்தக் குறையை முதலில் எங்கள் மேல் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறோம்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறோம்?

உங்களில் பலர் சேகர போதகர்கள், சபைச் செயலாளர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். வீட்டில் ஒரு காகிதம் வந்தால் அக்கம்பக்கத்தார் உங்களிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். உங்கள் வார்த்தைக்கு ஊரில் மதிப்பு உண்டு. காப்பீட்டில் விட்டுப்போகும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் உங்கள் காணிக்கையின் வாசலில்தான் வந்து நிற்கிறது என்பது மற்றொரு காரணம்.

நம் மாவட்டத்தில் மருத்துவ ஊழியம் நெடுநாளாய் நடந்துவருவது. லண்டன் மிஷனரி சங்கத்தின் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838ஆம் ஆண்டு நெய்யூரில் இந்தப் பணியைத் தொடங்கினார். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேற்றத்துக்குப் போன டாக்டர் ஹோவர்டு சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்த்து, அறுவை சிகிச்சைக்குக் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு, லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கே பணி செய்ய வந்தார் என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அந்த நாட்களில் மருத்துவரின் அர்ப்பணிப்பும் தூரதேசத்துச் சபைகளின் காணிக்கையும் சேர்ந்து பெரும்பாலான செலவைத் தாங்கிவிட்டன. இன்றைக்கு ஒரு இருதய அறுவை சிகிச்சைக்கோ புற்றுநோய் சிகிச்சைக்கோ லட்சக்கணக்கில் ஆகிறது. காணிக்கை மட்டும் அதைத் தாங்காது. காப்பீடு தாங்க வேண்டியதைக் காப்பீடு தாங்கினால்தான், வேறு வழியே இல்லாதவருக்கு உங்கள் காணிக்கை மிஞ்சும்.

காப்பீடு எடுப்பது அவிசுவாசமா?

சபைகளுக்குப் போகும்போது இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கிறார்கள். கர்த்தர் காப்பார் என்று நம்புகிறவன் இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்கிறார்கள். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் போகிறவன் முன்னதாகவே செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி நம் ஆண்டவர் பேசியிருக்கிறார். முன்யோசனையை அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

நம் வீட்டுத் தாய்மார் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுகிறார்கள். ஒரு வீட்டுப் பிடியரிசி யாருக்கும் ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாது. ஊர் முழுவதும் சேர்ந்தால் ஒரு ஊழியரைத் தாங்கும், ஒரு விதவையின் அடுப்பை எரிய வைக்கும். காப்பீடும் அப்படியே. பலர் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள், நோயில் விழுந்த சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று யாரும் வருந்தத் தேவையில்லை. நோய் வராதிருந்தது தேவனுடைய கிருபை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பிடியரிசிக் கலயத்துக்கு நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை. காப்பீட்டுக்குப் பல பக்கம் நிபந்தனை உண்டு. ஆகவே படிக்க வேண்டும்.

முதலில், கையில் என்ன இருக்கிறது?

புதிதாக ஒரு பாலிசிக்குப் பணம் கட்டுமுன், உங்களுக்கு ஏற்கெனவே உரிமையுள்ளது என்ன என்று பாருங்கள்.

முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது, 2012 ஜனவரி 11 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022 முதல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது, குடும்பம் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே, அதுவும் பட்டியலில் சேர்ந்த மருத்துவமனையில் மட்டுமே செல்லும். ஒரு மருத்துவமனை இருதய சிகிச்சைக்குப் பட்டியலில் இருந்து, எலும்பு சிகிச்சைக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அட்டையைக் காட்டும்போது, "இந்த ஆஸ்பத்திரியில் அட்டை எடுக்குமா" என்று கேட்டால் போதாது; "இந்த நோய்க்கு இங்கே எடுக்குமா" என்று கேளுங்கள். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கும், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இது உதவாது.

இரண்டாவது, ஈ.எஸ்.ஐ. நம் மாவட்டத்தில் அண்டி ஆபீசுகளில் வேலை செய்யும் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடமும் 3.25 சதவீதம் முதலாளியிடமும் பிடிக்கப்படுகிறது. இது 2019 ஜூலை முதல் உள்ள விகிதம். இதில் வெளிநோயாளர் சிகிச்சையும் மருந்தும் உண்டு, நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் உண்டு, பிள்ளைப்பேற்று விடுப்புக் காலத்துக்கு உதவித்தொகையும் உண்டு. தனியார் பாலிசிகளில் இத்தனையும் ஒருசேரக் கிடைப்பது அரிது. ஆனாலும் ஈ.எஸ்.ஐ. அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி வைத்தியம் பார்க்கிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

மூன்றாவது, அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உள்ள காப்பீடு. சம்பளத்திலும் பென்சனிலும் பிடித்தம் ஆகிறது. அதன் அடையாள எண்ணையும் மருத்துவமனைப் பட்டியலையும் வீட்டில் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். நோய் வந்த இரவில் தேடக்கூடாது.

நான்காவதாகச் சொல்வது ஒரு எச்சரிக்கை. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 436 ரூபாய் பிடிப்பது ஆயுள் காப்பீடு. இரண்டும் நல்லவையே. ஆனால் இரண்டும் மருத்துவக் காப்பீடு அல்ல. "பேங்கில் இன்சூரன்ஸ் பிடிக்கிறாங்க" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைத் தயவாய் விளக்கிச் சொல்லுங்கள். கடலுக்குப் போகும் சகோதரர்களுக்குள்ள விபத்துக் காப்பீடும் இவ்வகையே. வள்ளத்தில் அடிபட்டால் உதவும், மஞ்சள் காமாலைக்கு உதவாது.

தனியார் பாலிசி எடுக்குமுன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

அரசு அட்டைக்குத் தகுதியில்லாத நடுத்தரக் குடும்பங்கள் நம் சபைகளில் பல. ஒரு சிறு கடை, கொஞ்சம் ரப்பர், வெளிநாட்டில் ஒரு மகன் என்று வாழ்கிறவர்கள். அவர்களுக்குத் தனியார் அல்லது பொதுத்துறைக் கம்பெனிகளின் பாலிசிதான் வழி. நம் நாட்டில் மெடிகிளெய்ம் என்ற பெயரில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வகைப் பாலிசிகள் இன்று எத்தனையோ பெயர்களில் விற்கப்படுகின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காப்புத்தொகை மட்டும் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியவை இவை.

1. எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? பொதுவாகப் பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை நீக்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மாதம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு விதித்தது. முன்பு இது 48 மாதமாக இருந்தது. ஒரு கம்பெனி 36 மாதமும் இன்னொரு கம்பெனி 24 மாதமும் வைத்திருக்கலாம். 60 வயதானவருக்கு இந்த ஓராண்டு வித்தியாசம், காப்புத்தொகையில் ஒரு லட்சம் கூடுவதைவிடப் பெரிது.

2. அறை வாடகைக்கு வரம்பு உண்டா? இது பலரைக் கண்ணீர் விட வைத்த விதி. இதைக் கீழே ஒரு கணக்காகவே காட்டுகிறோம்.

3. நம் பங்கு எவ்வளவு? சில பாலிசிகளில் பில்லில் 5, 10 அல்லது 20 சதவீதத்தை நோயாளியே கட்ட வேண்டும். வயதானவர்களுக்கான திட்டங்களில் இது கூடுதலாக இருக்கும். சில நோய்களுக்குத் தனி உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். 5 லட்சம் பாலிசியில் கண்புரைக்கு 40,000 ரூபாய்தான் என்று எழுதியிருந்தால், அந்த நோய்க்கு உங்கள் பாலிசி 40,000 ரூபாய் பாலிசிதான்.

4. எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேரலாம்? நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் என்று பட்டியல் காட்டுவார்கள். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ நாகர்கோவிலிலோ நீங்கள் வழக்கமாகப் போகும் இடம் அதில் இருக்கிறதா என்பதே கேள்வி. திருவனந்தபுரத்துக்குப் போக நேர்ந்தால் அங்கே எது என்றும் பாருங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது.

5. காப்புத்தொகை ஒருவருக்கா, குடும்பத்துக்கா? குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகை என்றால் பிரீமியம் குறையும். இளம் தம்பதியருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஏற்றது. வயதான பெற்றோரையும் அதே பாலிசியில் சேர்த்தால், வீட்டில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் ஏறும். அப்பாவின் ஒரு சிகிச்சையில் முழுத் தொகையும் தீர்ந்து, அந்த ஆண்டில் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பெற்றோருக்குத் தனியாக எடுப்பதே பெரும்பாலும் நல்லது.

6. அடுத்த ஆண்டுகளில் பிரீமியம் எப்படி ஏறும்? முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்துச் சேர வேண்டாம். 45 வயதில், 55 வயதில், 65 வயதில் எவ்வளவு என்று அட்டவணையைக் கேளுங்கள். 60 வயதானவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு கணக்கு

எளிதாக விளங்க நாங்களே சில எண்களை வைத்துக் காட்டுகிறோம். ஒருவருக்கு அறுவை சிகிச்சை. ஐந்து நாள் தங்குகிறார். அறை வாடகை நாளுக்கு 4,500 வீதம் 22,500 ரூபாய். டாக்டர், மயக்க மருந்து நிபுணர், ஆப்பரேஷன் தியேட்டர் கட்டணம் 60,000. மருந்தும் பரிசோதனையும் 37,500. மொத்தம் 1,20,000 ரூபாய்.

முதல் திட்டத்தில் காப்புத்தொகை 3 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய், நோயாளியின் பங்கு 10 சதவீதம். அறைக்குக் கம்பெனி தருவது 15,000. வாடகையில் மட்டும்தான் குறைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 4,500 ரூபாய் அறையில் 3,000 என்பது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே டாக்டர், தியேட்டர் கட்டணத்திலும் மூன்றில் இரண்டு பங்கான 40,000 மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இப்படிக் குறைக்கக்கூடாது என்பதால் 37,500 முழுதாகக் கிடைக்கும். கூட்டினால் 92,500. அதில் 10 சதவீதம் கழித்து 83,250 ரூபாய் வரும். மீதி 36,750 ரூபாயை நோயாளி கட்ட வேண்டும்.

இரண்டாம் திட்டமாக ஆரோக்கிய சஞ்சீவனியை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளோடு விற்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டு, 2020 ஏப்ரலில் அறிமுகமான பொதுத் திட்டம் இது. அந்த விதிகளின்படி அறை வாடகை காப்புத்தொகையில் 2 சதவீதம் வரை, ஆனால் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. நோயாளியின் பங்கு 5 சதவீதம். அதே 3 லட்சத்துக்கு எடுத்திருந்தால் 4,500 ரூபாய் அறை வரம்புக்குள் வந்துவிடும். 1,20,000 ரூபாயில் 5 சதவீதம் போக 1,14,000 கிடைக்கும். நோயாளி கட்டுவது 6,000 ரூபாய். கையுறை போன்ற சில சில்லறைப் பொருட்களின் விலை இரண்டிலும் தனி.

காப்புத்தொகை இரண்டிலும் 3 லட்சமே. ஆஸ்பத்திரியும் நோயும் ஒன்றே. கையிலிருந்து போவதோ ஒன்றில் 36,750, மற்றதில் 6,000. முதல் திட்டம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 3,000 ரூபாய்க்குள்ளான அறையில் படுக்கத் தயாராயிருந்தால், அதில் 10 சதவீதம் மட்டுமே இழப்பு. பிரீமியமும் குறைவாக இருந்தால் அது உங்களுக்கு ஏற்றதாகவே இருக்கலாம். எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்து சேர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எந்தப் பாலிசியை ஒருவர் கொண்டுவந்தாலும், காத்திருப்பு, அறை வரம்பு, நம் பங்கு, நோய்வாரியான உச்சவரம்பு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஆரோக்கிய சஞ்சீவனியின் விதிகளையும் எழுதிப் பாருங்கள். ஒரு நாழிகையில் வித்தியாசம் தெரிந்துவிடும். இவையெல்லாம் அடங்கிய தகவல் தாள் ஒன்றை 2024 ஜனவரி முதல் எல்லாக் கம்பெனிகளும் பாலிசியோடு தர வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையை எழுதுங்கள்

விண்ணப்பத்தில் சர்க்கரை உண்டா, முன்பு ஆப்பரேஷன் செய்ததுண்டா என்று கேட்பார்கள். "இல்லை என்று போடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்" என்று சொல்லும் ஏஜெண்டுகளும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதிருங்கள். பொய் தவறு என்பது நாம் அறிந்தது. அதோடு, எங்கள் கேஸ் ஷீட்டில் "பத்து ஆண்டாகச் சர்க்கரை" என்று டாக்டர் எழுதும் ஒரு வரியில் முழுத் தொகையும் மறுக்கப்படலாம். அந்த வரியை மாற்றி எழுதித் தரும்படி எங்களிடம் கெஞ்சுகிறவர்கள் உண்டு. எங்களால் அது கூடாது. உண்மையைச் சொன்னால் பிரீமியம் சற்றுக் கூடலாம், சில காலம் காத்திருக்க நேரிடலாம். ஆனால் தேவையான நாளில் பாலிசி நிற்கும். இடைவிடாமல் 60 மாதம் கட்டியபின், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி மறைத்ததைக் காட்டி மறுக்கக்கூடாது என்பது இப்போதுள்ள விதி.

சேர்ந்தபின் செய்ய வேண்டியவை

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். ஆண்டுதோறும் தவணை தவறாமல் புதுப்பியுங்கள். விட்டுப்போனால் காத்திருந்த காலமெல்லாம் வீணாகி முதலிலிருந்து தொடங்க நேரிடும். கம்பெனி பிடிக்கவில்லையென்றால் பாலிசியை நிறுத்தாமல், புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாள் முன்பாகவே விண்ணப்பித்து வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். காத்திருந்த காலமும் கூடவே வரும்.

நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால் சும்மா விட்டுவிடாதிருங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிக்கலாம்.

காப்பீடு தொடாத இடம்

எல்லாம் சரியாக அமைந்தாலும் காப்பீடு ஏழையின் முழுச் சுமையையும் எடுத்துவிடாது. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறவரின் பஸ் கட்டணம், துணைக்கு இருக்கும் மகளின் சாப்பாடு, ஒரு மாதம் ரப்பர் வெட்டப் போகாததால் போன கூலி, வாழ்நாள் முழுவதும் வாங்க வேண்டிய மாத்திரை, இவற்றையெல்லாம் அநேகமாக எந்தப் பாலிசியும் தொடுவதில்லை. உங்கள் காணிக்கைக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

தொண்டு நிறுவனங்கள் காப்பீட்டையே ஏழைகளுக்கு எட்டச் செய்த முன்மாதிரிகளும் நம் மாநிலத்தில் உண்டு. சென்னையில் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958ஆம் ஆண்டு நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனையில், வருமானத்துக்குத் தக்கபடி குடும்பம் சந்தா கட்டிச் சிகிச்சை பெறும் முறை ஏற்பட்டது. நீலகிரி கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காக அக்கார்டு என்ற அமைப்பு 1992ஆம் ஆண்டிலேயே ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிக் கூட்டுக் காப்பீட்டை ஏற்படுத்தியது. மக்களும் தங்களால் இயன்ற பங்கைக் கட்டினார்கள். கேட்டு, விளக்கி, கூடவே நடந்து போகிற ஒருவர் இருந்தால் ஏழைகளும் காப்பீட்டைப் பயன்படுத்துவார்கள் என்பதற்கு இவை சாட்சி.

ஆகவே எங்கள் வெளிநோயாளர் பிரிவில் சீட்டுப் போடும் இடத்திலேயே ஒரு உதவி மேசை வைத்திருக்கிறோம். வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்கிறோம். அரசு அட்டை உண்டா? ஈ.எஸ்.ஐ. உண்டா? வேறு பாலிசி உண்டா, எப்போது எடுத்தது? அட்டை இல்லாதவர்களுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோம். வயதானவர்களோடு கலெக்டர் அலுவலகம் வரை எங்கள் பணியாளர் போகிறார்.

உங்களிடம் மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறோம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் சபையில் எந்தெந்த வீட்டில் அரசு அட்டை இல்லை என்று வாலிபர் சங்கத்தைக் கொண்டு கணக்கெடுங்கள். அழைத்தால் எங்கள் பணியாளர் வந்து விளக்குவார். இரண்டாவது, உங்கள் வீட்டுப் பாலிசியை இன்றே எடுத்து மேலே சொன்ன ஆறு கேள்விகளோடு வைத்துப் பாருங்கள். மூன்றாவது, ஏழை நோயாளர் நிதியைத் தொடர்ந்து தாங்குங்கள். அறுவடைப் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கென்று சில சபைகள் அனுப்பிவருவதை நன்றியோடு நினைக்கிறோம்.

நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் தானே பொறுப்பேற்றுக்கொண்டான். அடிபட்டுக் கிடந்தவனிடம் அப்போது ஒரு காகிதமும் இருந்திருக்காது. நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு உரிமையான காகிதம் உண்டு. அதைக் கையில் எடுத்துக் கொடுக்க ஆள்தான் இல்லை. அந்த ஆளாக நாமிருப்போம். காகிதம் எதுவும் உதவாத இடத்தில், சமாரியனைப்போல் மீதியை நாம் ஏற்றுக்கொள்வோம்.

அந்தக் கொத்தனார் சகோதரர் போன மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். மனைவியின் கழுத்தில் மாலை கிடந்தது. அதே பிளாஸ்டிக் உறையிலிருந்து புதிய அரசு அட்டையை எடுத்துக் காட்டினார். கூடவே தம் தெருவிலிருந்து இன்னும் இரண்டு குடும்பத்தாரை அழைத்து வந்திருந்தார். அவர்களுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

உங்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம். எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவருடைய பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்